அப்பத்தாவும் வரட்டும்!



முழு ஆண்டுத் தேர்வின் கடைசி மணி அடித்ததும் நம்மிடையே எழும் முதல் கேள்வி, "லீவுக்கு எங்கேடி போறீங்க?" என்பதுதான். "கடற்கரைக்கு" என்று ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவதும் ஆண்டுதோறும் நடப்பதே. ஆனால், "யார் யார் போகிறீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன். விடுமுறைக்குக் கடற்கரை செல்லும் குடும்பம், வீட்டிலுள்ள முதியோரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஏனெனில் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறாக வாதாடியவள் நானேதான்.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பத்தார் மதுரைக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேச்சு எழுந்தது. நான் கோவா என்றேன். அப்பா பணப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இராமேசுவரம் என்றார். சரி, அதுவும் கடல்தானே என்று ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து, அப்பத்தாவை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. அப்பத்தாவுக்கு 71 வயது, முட்டி வலி, சர்க்கரைக்கு மாத்திரை, இரவில் இருமுறை எழுந்திருக்க வேண்டும். "வெயிலில் அம்மாவை இழுத்துக்கொண்டு அலைவது பாவம்" என்றார் அப்பா. அவர் அக்கறையினால் சொன்னார். நான் சொன்னதில் அக்கறையில்லை. "அப்பத்தா வந்தா அது டூராவா இருக்கும்? திருத்தல யாத்திரைதான்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பத்தா அடுக்களை வாசலில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "நான் எதுக்குத்தா? நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் காவலுக்கு வீடு இருக்கு" என்றார். உடனே எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. "அம்மாவே வேண்டாம்னுட்டாங்க" என்று பேச்சு முடிந்தது.

தோழியரே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது எத்தனை முறை? கடைசித் துண்டு மீனுக்கு வேண்டாம். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ புதுப்புடவை வேண்டாம். சன்னலோர இருக்கை வேண்டாம். அவற்றையெல்லாம் நாம் அவர்களுடைய விருப்பமென்றே எடுத்துக்கொள்கிறோம். ஒரு குழந்தை "வேண்டாம்" என்றால் ஒன்பது முறை கெஞ்சுகிறோம். பாட்டி சொன்னால் ஒரே முறையில் நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறது!

இறுதியில் அப்பத்தா எங்களோடு வந்தார். அன்பினால் அழைத்துச் சென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. அப்பத்தாவுக்குத் துணையாக இரவில் படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அத்தை, திடீரென்று ஊருக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் ஒன்பதாவது ஆளாக அப்பத்தா இரயிலேறினார்.

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது பிள்ளைகள் அனைவரும் சன்னலில் ஒட்டிக்கொண்டோம். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாலம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதன் பக்கத்திலேயே எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரு கைகளைப்போல் மேல்நோக்கி விரிந்தது. புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிஃப்ட்டைப்போல் நேராக மேலெழும்பும். இதையெல்லாம் நான் படித்து வைத்திருந்து தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பத்தா புதிய பாலத்தைப் பார்க்கவில்லை. துருப்பிடித்து நின்ற பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுமேலதான் நான் போனேன்" என்றார். எப்போது என்று கேட்டோம். "எட்டு வயசுல" என்றார்.

மறுநாள் வெயில் ஏறுமுன் தனுஷ்கோடி சென்றோம். அங்கே தெற்கே மன்னார் வளைகுடா; வடக்கே பாக்கு நீரிணை. சீறும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும், அமைதியான வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் அவ்வூரார் அழைக்கிறார்கள். (பெண்கள் எப்போதும் அமைதியாகத்தான் இருப்பார்களா என்று நம் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்!) 2017ஆம் ஆண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதால் இப்போது பேருந்திலேயே நிலத்தின் நுனிக்குப் போய்விட முடிகிறது. அதற்குமுன் மணலில் வேன்களும் ஜீப்புகளுமே சென்றன.

பழைய ஊரில் இறங்கினோம். கூரையில்லாத கோயிலின் சுவர்கள், இடிந்த இரயில் நிலையம், ஓரத்தில் பனையோலைக் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்கள். இவ்வளவுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. நாங்கள் சுவரோரம் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். அப்பத்தா மட்டும் நிலையம் இருந்த பக்கமாக மெல்ல நடந்துபோய் நின்றார்.

1962ஆம் ஆண்டு அவருடைய அத்தை தம் கணவரோடு இலங்கைக்குப் போனாராம். மானாமதுரையில் எல்லோரும் போட் மெயில் ஏறி, வழியனுப்பத் தனுஷ்கோடி வரை வந்தார்களாம். அந்நாளில் இரயில் தனுஷ்கோடித் துறைவரை செல்லும். அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்குப் போகும். அஞ்சலகம், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம், கடைகள் என்று அது ஒரு முழு ஊர். "இந்தப் பக்கம் ஜனம் கசகசன்னு இருக்கும். எங்க அத்தை கப்பல்ல நின்னுக்கிட்டு முந்தானையை ஆட்டிக்கிட்டே போச்சு. எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு. நான் அதைத் திங்காம ஊர்வரைக்கும் கையிலயே வச்சிருந்தேன்" என்றார் அப்பத்தா.

இரண்டே ஆண்டுகளில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி வண்டி கடலில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு அரசு, வாழத் தகுதியற்ற இடமென்று தனுஷ்கோடியை அறிவித்தது. இந்தச் செய்தி எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த நடைமேடையில் ஆரஞ்சுப் பழத்தோடு நின்ற சிறுமி என் வீட்டு அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பவர் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது! "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?" என்று அப்பா கேட்டார். "நீ கேக்கலையேப்பா" என்றார் அப்பத்தா.

இதுவே என் முதல் காரணம். அப்பத்தாவை வீட்டில் விட்டிருந்தால் தனுஷ்கோடியில் இடிந்த சுவர்களை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்போம்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பெண் கடலில் கால் நனைக்க நாங்கள் அனைவரும் ஓடினோம். அப்பா, சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டோம். அம்மா மட்டும் கரையில் நின்றார். தோளில் இரண்டு பைகள். ஒரு கையில் புளிச்சாதத் தூக்கு. மறு கையில் எல்லோருடைய செல்போன்கள். காலடியில் எட்டு ஜோடிச் செருப்புகள். அம்மா அப்படி நிற்பதை அதற்குமுன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரியிலும் அப்படித்தான் நின்றார். வேளாங்கண்ணியிலும் அப்படித்தான் நின்றார். ஆனால் அன்றுவரை அது என் மனத்தில் பட்டதேயில்லை.

அப்பத்தா மெதுவாக வந்து மணலில் உட்கார்ந்தார். "பையெல்லாம் இங்க வையி. நான் பாத்துக்கிறேன். நீ போயி காலை நனைச்சுட்டு வா" என்றார்.

"இருக்கட்டும் அத்தை. நான் இங்கயே நிக்கிறேன்."

"நின்னது போதும். போ தாயி."

அம்மா முதலில் கணுக்கால் அளவு நீரில் நின்றார். பிறகு புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டடி உள்ளே வந்தார். ஒரு சிறு அலை வந்து மோதியதும் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அப்படியொரு குரல் அம்மாவுக்கு உண்டென்றே எனக்கு அதுவரை தெரியாது. நம் வகுப்பில் கடைசி மணி அடித்ததும் கேட்குமே, அதே குரல்! கரையில் அப்பத்தா எட்டு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பாரம் என்று நாங்கள் விட்டுப்போக நினைத்தவர்தான் அன்று எங்கள் பாரத்தையெல்லாம் மடியில் வாங்கிக்கொண்டார். அவர் வந்திருக்காவிட்டால் அம்மா அன்றும் கரையிலேயே நின்றிருப்பார்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அறை எடுத்ததில் அம்மாவுக்கும் சித்திக்கும் சிறு மனத்தாங்கல் உண்டாயிற்று. அப்பத்தாவுக்காகக் கழிவறை தேடி ஒரு மணி நேரம் அலைந்தோம். பார்க்க எண்ணியிருந்த இடங்களில் பாதியைப் பார்க்கவில்லை. வயதானவர்களோடு போனால் வேகம் குறையும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் விடுமுறைக்கு வேகம் எதற்கு? ஆண்டு முழுவதும் மணி அடித்து மணி அடித்து ஓடுகிறோமே, அது போதாதா?

பெற்றோர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் சில. மூத்தவர் நடக்கும் வேகத்தை வைத்துப் பயணத் திட்டம் போடுங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். தரைத்தளத்தில் அறை கேளுங்கள். கடற்கரைக்குக் காலையிலேயே சென்று, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மாத்திரை, குடிநீர், குடை, மடக்கு நாற்காலி இவற்றை மறவாதீர்கள். ஓட்டம் மிகுந்த அரிச்சல்முனை போன்ற இடங்களில் யாரையும் நீரில் இறங்க விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டி "நான் வரலை" என்றால் இன்னொரு முறை கேளுங்கள். உண்மையிலேயே அவருக்கு உடல் இடங்கொடுக்கவில்லையெனில் வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் அதை முடிவு செய்யுமுன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

தோழியரே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நான்காம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் பிழையின்றி ஒப்பிக்கிறோம், பரிசும் வாங்குகிறோம். அன்று கரையில் பையைப் பிடித்திருக்க வேண்டியவள் நான். எனக்கு வயது பதினாறு; முட்டி வலியும் கிடையாது. எழுபத்தொரு வயதானவருக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரயிலில் திரும்பும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். பாட்டியை அழைத்துச் செல்வது, அம்மாவின் சுமைகளை அவர் தலையில் கட்டுவதற்கு அன்று. செருப்புகளை முறைபோட்டுக் காவல் காக்கலாம். நாம் பத்து நிமிடம், தம்பி பத்து நிமிடம், அப்பாவும் பத்து நிமிடம். அதனால் எவருடைய விடுமுறையும் குறைந்துவிடாது.

ஊர் திரும்பிய அன்று இரவு அப்பத்தாவின் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். கால் நகங்களில் இன்னும் மணல் இருந்தது. "ரொம்ப வலிக்குதா அப்பத்தா? இனிமே உங்களை அலைய விடமாட்டோம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, "ஏத்தா, நீ கோவா கோவான்னியே, அது சவேரியார் இருக்கிற ஊர்தானே? அதுக்கு எந்த ரயில்ல போகணும்?" என்று கேட்டார்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி