பழைய சட்டைக்கு பாஸ்போர்ட்!

உங்கள் வீட்டு பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஒரு ஓரத்தில், அந்துருண்டை வாசனையோடு ஒரு கோட் சூட் தொங்கிக்கொண்டிருக்கும். கல்யாண ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் போட்டது. அதன் பிறகு அதற்கும் உங்கள் தொப்பைக்கும் ஒத்துவரவில்லை. பக்கத்திலேயே மாமனார் தலை தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்து, கலர் பிடிக்காமல் ஒரே ஒரு தடவை போட்ட சட்டை. தூக்கிப் போட மனசு வராது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், 'தப்பா நினைச்சுக்குவாங்களோ' என்று கூச்சம்.

எங்கள் அம்மா காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. தலையில் பாத்திரக் கூடையோடு ஒரு அம்மா தெருவில் வருவார். ரெண்டு பேன்ட், மூணு சட்டை கொடுத்தால் ஒரு எவர்சில்வர் சொம்பு. திண்ணையில் அரை மணி நேரம் பேரம் நடக்கும். "பேன்ட்டு முட்டியில வெளுத்துருக்கே" என்று அவர் இழுப்பார். "ஜிப்பு புதுசு, நல்லா பாரு" என்று எங்கள் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தச் சட்டை எங்கே போகிறது, யார் போட்டுக்கொள்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று அரசாங்கமும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறது. அதுதான் இந்த வாரப் புலம்பல்.

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகிற வழியில் இருக்கிறது குருபரப்பள்ளி. ஒரு காலத்தில் மாந்தோப்பும் புளியமரமும்தான் தெரியும். இப்போது சிப்காட், ஃபேக்டரி பஸ்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீக்கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஊர். வடக்கே வேப்பனப்பள்ளி தாண்டினால் ஆந்திரா. மேற்கே ஓசூர் தாண்டினால் கர்நாடகா.

அந்த டீக்கடையில்தான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். டிப்ளமா முடித்தவர். தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் பழைய ஆண்கள் உடையை ஆன்லைனில் விற்கிறார். பேர் வேண்டாம் என்றார். காரணம் வரி இல்லை சார், வெட்கம். "ஊர்ல தெரிஞ்சா, பழைய துணி விக்கிறவன்னு சொல்லிப் பொண்ணு தர மாட்டாங்க சார்."

அவருடைய வாடகை அறையைப் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு டேப், சுவர் முழுக்க ஹேங்கர். பழைய துணி வியாபாரம் என்றால் அள்ளிக் கொண்டுவந்து கொட்டி விற்பது என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொரு சட்டையிலும் அவர் முதலில் பார்ப்பது மூன்று இடம்: காலர் மடிப்பு, கைப்பட்டி, அக்குள். அங்கே மஞ்சள் ஏறியிருந்தால், துணி நைந்திருந்தால், எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் ஓரமாகப் போட்டுவிடுகிறார். பட்டன் ஒன்று குறைந்தால் பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம். காலர் போனால் சட்டை போச்சு.

அடுத்து அளவு. "40 சைஸ்னு போட்டிருக்கறத நம்பவே கூடாது சார். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு 40. அதுவும் துவைச்சுச் சுருங்கியிருக்கும்." அதனால் மார்பு, தோள், கை, நீளம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதுகிறார். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் மொட்டை மாடியில் போட்டோ. கறை இருந்தால் அந்தக் கறைக்குத் தனியாக ஒரு போட்டோ. 'குறையை மறைச்சா பார்சல் திரும்பி வரும். போகவர கூரியர் செலவுல லாபம் காலி' என்பது அவர் பாடம். நான் மூன்று வருடம் பி.காம். படித்துத் தெரிந்துகொண்டதைவிட இது உருப்படியான வணிகவியல்.

வாங்குகிறவர்கள் யார் தெரியுமா? முதல் இன்டர்வியூவுக்குப் போகிற பையன்கள். தங்கை கல்யாணத்தில் கோட் போட்டு நிற்க ஆசைப்படும் அண்ணன்கள். ஷோரூம் விலை கட்டுப்படியாகாதவர்கள். "பார்சல் மேல பழைய துணின்னு எழுதிடாதீங்க ப்ரோ" என்று தவறாமல் சொல்லிவிடுகிறார்களாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சட்டை சராசரியாக 150 ரூபாய்க்கு வாங்கி 400 ரூபாய்க்கு விற்கிறார். மாதம் சுமார் 60 சட்டை. வருஷத்துக்கு மூன்று லட்சம் ரூபாய்கூட வராத வியாபாரம். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். நம்ம தம்பி அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பிறகென்ன பிரச்னை?

பெங்களூருதான் பிரச்னை!

குருபரப்பள்ளிக்காரருக்கு இயல்பான மார்க்கெட் எது? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிற பெங்களூரு. ஆனால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது: வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். 40 லட்சம் வரம்பு அங்கே செல்லாது. ஒரே ஒரு பழைய சட்டை, 400 ரூபாய், பெங்களூருக்குக் கூரியர் போட்டால் போதும்... நீங்கள் ஜி.எஸ்.டி. எண் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் அபராதம் குறைந்தபட்சம் பத்தாயிரம் ரூபாய். அதே சட்டையை 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கன்னியாகுமரிக்கு அனுப்பினால் ஒரு கேள்வியும் இல்லை.

அதனால் அவர் கர்நாடகா ஆர்டரைத் தொடுவதே இல்லை. 'தமிழ்நாட்டுக்குள் மட்டும்' என்று போட்டிருக்கிறார். தினமும் இரண்டு, மூன்று பெங்களூரு விசாரிப்புகளுக்கு ஸாரி சொல்கிறார். ஒரு தடவை ஒரு சாஃப்ட்வேர் இளைஞர் விடாப்பிடியாக ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தே சட்டையை வாங்கிப் போயிருக்கிறார். சட்டை 400 ரூபாய். போகவர பெட்ரோலும் கிட்டத்தட்ட அதே. ஆனால், பாருங்கள், அந்த வியாபாரத்தில் சட்டச் சிக்கல் இல்லை! கடைக்கே வந்து, விலாசம் எதுவும் எழுதாமல், காசு கொடுத்து எடுத்துப் போனால் அது உள்ளூர் விற்பனை. அதே சட்டை கூரியரில் போனால் மாநிலம் விட்டு மாநிலம். மனிதன் எல்லை தாண்டி வரலாம், சட்டை எல்லை தாண்டிப் போகக் கூடாது.

'சரி, பதிவு செய்துவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன கஷ்டம்?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பழைய பொருளுக்கு ஜி.எஸ்.டி. விதிகளில் ஒரு நல்ல சலுகை இருக்கிறது. விதி 32(5)படி, விற்ற விலை முழுவதற்கும் வரி இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். துவைத்து, அயர்ன் பண்ணி, பட்டன் தைத்து விற்றாலும் இது பொருந்தும். இங்கே வித்தியாசம் 250 ரூபாய். வரி 5 சதவிகிதம். ஆக, ஒரு சட்டைக்கு 12 ரூபாய் 50 காசு. 60 சட்டைக்கு மாதம் 750 ரூபாய். வரியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

ஆனால், அந்த 750 ரூபாயைக் கட்டுவதற்கு மாதம் 1,500 ரூபாய் கேட்கிறாராம் கணக்கு எழுதித் தருபவர். விற்பனைக் கணக்கு ஒரு படிவம், வரிக் கணக்கு இன்னொரு படிவம். காலாண்டுக்கு ஒரு தடவை தாக்கல் செய்யும் வசதி 2021-ல் வந்தது, உண்மை. ஆனால் வரியை மாதா மாதம் கட்ட வேண்டும். தாக்கல் ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய். அதாவது நான்கு சட்டையின் வரி, ஒரு நாள் தூங்கிவிட்டால் அபராதம்! பதிவு செய்துவிட்டால் அதுவரை வரியே இல்லாமல் இருந்த தமிழ்நாட்டு விற்பனைக்கும் சேர்த்துக் கணக்கு காட்ட வேண்டும். சிறு வியாபாரிகளுக்கென்றே ஒரு சதவிகித வரியோடு எளிமையான காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே என்றால், வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவர் அதில் சேரவே முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், வியாபாரம் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் வேண்டும். வாடகை அறை என்றால் வீட்டு ஓனரின் சம்மதக் கடிதம். "கரன்ட் பில்லைக் கொடுத்தா ரெய்டு வருமான்னு கேக்கறாரு சார்" என்கிறார் தம்பி. 2025 நவம்பர் முதல் மூன்று வேலை நாளில் பதிவு என்று ஓர் எளிய முறை வந்திருக்கிறது. பாராட்டுவோம். ஆனால் எண்ணை வாங்குவது மூன்று நாள் வேலை. அதை வைத்துக் காப்பாற்றுவதுதானே வருஷம் முழுக்க வேலை?

சட்டம் எல்லோருக்கும் இப்படி இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். 2017 அக்டோபரிலேயே சேவைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வெளிமாநிலத்துக்குச் சேவை செய்யலாம், பதிவு தேவையில்லை. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. அதாவது, பெங்களூருக்காரர் தன் பழைய சட்டையை ஓசூர் டெய்லருக்கு அனுப்பி, பிடித்துத் தைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால் அது சேவை. டெய்லருக்குப் பதிவு வேண்டாம். அதே சட்டையை நம்ம தம்பி விற்றால் அது சரக்கு. பதிவு வேண்டும். ஊசி நூலுக்கு எல்லை இல்லை, சட்டைக்கு மட்டும் எல்லை!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். குஜராத்தில் கண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக் கழித்த துணியை மூட்டை மூட்டையாக இறக்கி, தரம் பிரித்து, மறுபடி ஏற்றுமதி செய்ய அனுமதி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. கடல் தாண்டி வந்த பழைய துணிக்குத் தனி மண்டலம். நம்ம ஊர் பழைய துணிக்கு அத்திப்பள்ளி தாண்ட வழி இல்லை.

ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம் இல்லை, வேறு நாடு. வேறு பாஷை, வேறு வரி விகிதம். 2021 ஜூலையில் இருந்து, அங்கே ஒரு சிறு வியாபாரி மற்ற உறுப்பு நாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை ஆன்லைனில் விற்றால், தன் சொந்த நாட்டு வரி விதியே போதும். தனித்தனி நாடுகள் இதைக் கொடுக்கின்றன. 'ஒரே நாடு, ஒரே வரி' என்று 2017 ஜூலை 1-ம் தேதி நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விழா எடுத்த நாம் கொடுக்கவில்லை.

அதிகாரிகளின் பதில் எனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வரி. வரம்பு கொடுத்தால் பெரிய வியாபாரிகள் பத்துப் பெயரில் பிரித்து விற்று ஏமாற்றுவார்கள். கர்நாடகாவின் பங்கு என்னாவது?

பொய்ப் பயம் என்று சொல்ல மாட்டேன். போலி பில் போட்டு ஏமாற்றும் கும்பல்கள் இருப்பதும் உண்மை. ஆனால் அதே பயத்தை மாநிலத்துக்குள் எப்படிச் சமாளித்தார்கள்? முன்பெல்லாம் ஆன்லைன் சந்தை வழியாக ஒரு ரூபாய்க்கு விற்றாலும், உள்ளூர் விற்பனையாக இருந்தாலும், பதிவு கட்டாயம். 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதைத் தளர்த்த ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே உள்ளவர்கள் பான் கார்டைக் காட்டி ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு சொந்த மாநிலத்துக்குள் ஆன்லைன் சந்தையில் விற்கலாம். யார், எவ்வளவு விற்றார் என்ற கணக்கை அந்த ஆன்லைன் நிறுவனமே அரசுக்குக் கொடுத்துவிடும். வானம் இடிந்து விழவில்லையே?

அதே எண், அதே பான் கார்டு, அதே கணக்கு. கன்னியாகுமரி பார்சலைக் கண்காணிக்க முடிகிற கம்ப்யூட்டரால் பெங்களூரு பார்சலைக் கண்காணிக்க முடியாதா? ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் என்று சேவைக்குக் கொடுத்த வரம்பை, ஆன்லைன் சந்தை வழியாக விற்கும் சிறு வியாபாரிகளின் சரக்குக்கும் கொடுங்கள். பத்துப் பெயரில் பிரித்து விற்பவரை பான் எண்ணும் வங்கிக் கணக்கும் காட்டிக்கொடுக்கும். கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது, கர்நாடகாவுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. காவிரிக்காக மோதிக்கொள்ளும் இரண்டு பேரும் ஒரு பழைய சட்டைக்காகவாவது ஒன்றாகக் கை தூக்கக் கூடாதா?

இது ஏதோ ஒரு தம்பியின் பிழைப்பு மட்டும் இல்லை. புதுத் துணிக்கு நாம் கொடுத்த விலையை நொய்யல் ஆற்றைக் கேட்டால் சொல்லும். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்கு அந்த ஆறு நாறிப்போனது. ஏற்கெனவே சாயம் ஏறி, தைக்கப்பட்டு, பீரோவில் சும்மா தூங்கும் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்வதால் எந்த ஆற்றுக்கும் கெடுதல் இல்லை. அந்த நல்ல காரியத்தைச் செய்கிறவரைத்தான் எல்லையில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஜி.எஸ்.டி. வந்தபோது ஜூஜூவாடியில் வரிச் சோதனைக்காக வரிசைகட்டி நின்ற லாரிகளுக்கு விடுதலை கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் லாரிக்கு எடுத்த கம்பத்தைக் கொண்டுபோய், ஒற்றைச் சட்டையோடு வருகிறவன் முன்னால் நட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கம்பம் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிளம்பும்போது தம்பியிடம் ஒரு நீலச் சட்டை வாங்கினேன். 400 ரூபாய். இடது கைப்பட்டியில் சின்ன நூல் பிரிந்திருப்பதை அவரே காட்டிச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் பெங்களூரு போனேன். அத்திப்பள்ளியில் என்னை யாரும் நிறுத்தவில்லை.

சட்டை என் உடம்பில் இருந்தது. அதனால் தப்பித்தது.