கதிருக்கு அஞ்சுகிறோம், கறையை மறக்கிறோம்

எங்கள் குடியிருப்பில் எழுபது வயதைக் கடந்த அம்மாள் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மகனோடு தங்கியிருப்பவர். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கே ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டதால், "நாங்க இல்லாதப்போ கேஸைப் பத்த வைக்காதீங்கம்மா" என்று மகன் சொல்லிவிட்டார். வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. ஆனால் அதைத் தொட அம்மாளுக்குப் பயம். "அதுல கதிர் வருதாமே தம்பி, புத்துநோய் வருமாமே" என்றார். பெங்களூரின் மார்கழிக் குளிரில், ஆறிப்போன சோற்றைத்தான் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் ரயில்வேயில் மின்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமோ படித்த பொறியாளன், விஞ்ஞானி அல்லன். ஆனால் 25,000 வோல்ட் கம்பிக்கு அடியில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு. இந்த அடுப்பு விஷயத்தில் நாம் இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்குப் பயன்பட்ட மாக்னெட்ரான் என்ற கருவிதான் இதன் இதயம். 1945இல் அமெரிக்காவில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், அதன் அருகே நின்றபோது தம் பையிலிருந்த மிட்டாய் உருகியதைக் கண்டார் என்று சொல்வார்கள். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆள் உயரம். எடை 300 கிலோவுக்கு மேல்! இன்று அது சமையல் மேடையின் ஓரத்தில் அடங்கிவிட்டது.

இதில் வரும் அலை எக்ஸ்ரே போன்றதன்று. வானொலி அலையின் உறவு. உணவிலுள்ள நீரைச் சூடாக்கும். உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றாது. கதவைத் திறந்தால், விளக்கை அணைத்ததுபோல அலை நின்றுவிடும். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடியில் உள்ள உலோக வலையின் துளைகளோ மிகச் சிறியவை. அதனால்தான் வெளிச்சம் வருகிறது, அலை வருவதில்லை. கதவோரம் கசியக்கூடிய அளவுக்கும் அமெரிக்க அரசு 1971 முதல் வரம்பு வைத்திருக்கிறது. 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக்கூடாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் கதவு சரியாகப் பொருந்தி மூடுவதைப் பொறுத்தது. கதவின் விளிம்பில் சாம்பாரும் எண்ணெயும் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால் அது எப்படிப் பொருந்தும்? கதிருக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது துடைக்கும் துணியைத்தான்.

உண்மையான ஆபத்துகள் வேறு. சென்ற ஆண்டு என் மனைவி மகளின் பேறுகாலத்துக்குக் கோவை சென்றிருந்தபோது, வழவழப்பான பீங்கான் கோப்பையில் தண்ணீரைச் சூடாக்கினேன். குமிழியே வரவில்லை. 'இன்னும் கொதிக்கவில்லை' என்று நினைத்துக் காப்பித்தூளைப் போட்டேன். தண்ணீர் பொங்கிச் சீறிக் கையைச் சுட்டுவிட்டது. தண்ணீர் சில வேளை குமிழி விடாமலே 100 டிகிரியைத் தாண்டிவிடும் என்று புத்தகத்தில் படித்தவன்தான் நான்! இப்போது ஒரு மரக்குச்சியைப் போட்டுத்தான் வைக்கிறேன். எடுக்கும் முன் ஒரு நிமிடம் பொறுக்கிறேன்.

நம் வீடுகளில் எல்லாம் எவர்சில்வர். அது இந்த அடுப்புக்கு ஆகாது, பொறி பறக்கும். கண்ணாடி, பீங்கான் பாத்திரம் நல்லது. எண்ணெய் மிதக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க வேண்டாம். முழு முட்டை வெடிக்கும். உணவு ஓரத்தில் கொதித்து நடுவில் ஆறியிருக்கும். பாதியில் கிளறிவிட வேண்டும். காலையில் வடித்த சோற்றை வெளியே வைத்துவிட்டு மதியம் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நம்பவும் வேண்டாம். அதில் உண்டாகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு சூட்டிலும் அழியாது. சோறு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைப்பதே முறை.

ரயில்வேயில் எந்தக் கருவிக்கும் ஒரு பராமரிப்பு அட்டவணை உண்டு. இதற்கும் வேண்டும். சிந்தியதை அன்றன்றே துடைக்கவும். வாரம் ஒருமுறை, கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டுகளும் இட்டு மூன்று நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். ஆவியில் கறை இளகியதும் மெல்லிய துணியால் துடைக்கலாம். சுழலும் கண்ணாடித் தட்டை ஆறிய பின் கழுவுங்கள். கம்பி நார் கூடவே கூடாது. உள்பக்கச் சுவரில் உள்ள மைக்கா தகட்டில் கறை கருகினால் அங்கேயே பொறி கிளம்பும். அதை ஈரத்துணியால் அழுத்தித் தேய்க்காமல் மெல்ல ஒற்றி எடுங்கள். பழுதானால் திருகாணியைக் கழற்றாதீர்கள். மின்பாதையில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் எர்த் ராட் மாட்டாமல் நாங்கள் கை வைக்கமாட்டோம். இதனுள் இருக்கும் கபாசிட்டரும் பிளக்கைப் பிடுங்கிய பின்பு உயிரை வாங்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

என்னைப்போன்ற ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். பொத்தானை அழுத்துவது நாம், துடைப்பது மருமகள் என்ற பழக்கம் போதும். சூடாக்குபவரே துடைக்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். தினமும் அழுத்த வேண்டிய பொத்தானில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு. அரை மணி நேர வேலை. வயதானவர்களைப் பகலில் தனியே விட்டுச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகள், விலை உயர்ந்த கருவியை வாங்கி வைப்பதோடு அந்த அரை மணி நேரத்தையும் தர வேண்டும். இப்போது அந்த அம்மாள் மதியம் சூடாகச் சாப்பிடுகிறார். கதவின் விளிம்பை அவரே துடைக்கிறார்.