சர்வர் பத்து... தோசைக்கல் ஒண்ணு!

தீபாவளி வாரம். பீளமேட்டுல ஒரு ஹாஸ்டல் ரூம். சென்னைக்குப் போற சேரன் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் தட்கல் வேணும். மணி 10.59. நாலு பேர், நாலு செல்போன். 11 அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல தட்டறீங்க. திரையில வட்டம் சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில பார்த்தா 'வெயிட்டிங் லிஸ்ட்'! "இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போட்டா என்னவாம்?"னு கடுப்பாகுதா?

போடலாமுங்க. ஆனா, மேட்டர் அவ்வளவு சிம்பிள் இல்லை.

காலை டிபன் நேரம் நம்மூர் ஓட்டல் ஒண்ணுக்கு வாங்க. கூட்டம் அள்ளுது. முதலாளி, ரெண்டு சர்வரைப் பத்து ஆக்கறார். ஆர்டர் எடுக்கற வேலை பறக்குது. ஆனா, உள்ளே தோசைக்கல் ஒண்ணுதானே? பத்து பேரும் மாஸ்டர் முன்னாடி வரிசையில நிக்கறாங்க. வெப்சைட் கதையும் இதேதான். உங்ககிட்ட ஆர்டர் எடுக்கறது வெப் சர்வர். சீட் கணக்கை வெச்சிருக்கற டேட்டாபேஸ்தான் தோசைக்கல்.

அதே ஓட்டல்ல சாம்பாருக்கு மட்டும் ஏன் யாரும் காத்திருக்கறதில்லை? முன்கூட்டியே வெச்சு, டேபிளுக்கு டேபிள் வாளியில தயாரா இருக்கு. இதுதான் 'கேஷ்'. படம், பக்க வடிவம் மாதிரி மாறாத விஷயங்களைப் பல ஊர் சர்வர்கள்ல நகல் எடுத்து வெச்சுட்டா அது 'சி.டி.என்'. டிக்கெட் வெப்சைட்டோட இந்த மாதிரி சரக்குல 87 சதவிகிதம் சி.டி.என். வழியாத்தான் போகுதுன்னு 2025 ஜூன்ல ரயில்வே சொன்னது.

ஆனா, சீட்டு சாம்பார் இல்லை, தோசை! கடைசி பெர்த்தை நீங்களும், சிங்காநல்லூர்ல இன்னொருத்தரும் ஒரே நொடியில கேக்கறீங்க. ரெண்டு நகல் டேட்டாபேஸ் இருந்து, ரெண்டுமே 'காலி'ன்னு சொல்லிட்டா? நடுராத்திரி ஈரோட்டுல ஒரே பெர்த்துக்குக் குடுமிப்பிடி சண்டைதான்! அதனால, ஒருத்தருக்கு எழுதி முடிக்கற வரைக்கும் அடுத்தவரை நிறுத்தியே ஆகணும். இதுக்குப் பேர் 'லாக்'. நீலகிரிக்கு ஒரு கல், சேரனுக்கு ஒரு கல்னு பிரிச்சு வைக்கலாம். அது 'ஷார்டிங்'. ஆனா, சேரனோட கடைசி பெர்த்துக்கு வரிசை ஒண்ணே ஒண்ணுதான்.

கல்லு பெருசாகாமலும் இல்லை. 2014 ஆகஸ்ட்ல புது சிஸ்டம் வந்தப்போ, நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட்டுங்கற திறன் 7,200 ஆச்சு. 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிஷத்துல 31,814 டிக்கெட் பதிவாச்சு! அப்புறம் ஏன் நமக்குக் கிடைக்கலை? தட்கல் திறந்த முதல் 5 நிமிஷத்துல வர்ற லாகின்கள்ல பாதி வரைக்கும் மனுஷங்களே இல்லை, 'பாட்' புரோகிராம்கள்னு ரயில்வேயே சொன்னது. ஓட்டல் வாசல்ல பாதிப் பேர் பொம்மைகள்! அதனாலதான் 2.5 கோடி ஐ.டி.களை முடக்கினாங்க. 2025 ஜூலை 1-லிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமாச்சு. ஆக, கல்லைப் பெருசாக்கினா மட்டும் போதாது; வாசல்ல யாரை விடறோம்கறதும் முக்கியம்.

நாளைக்கு உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நீங்களே வெப்சைட் பண்ணுவீங்க. ஹால்ல 60 இடம், மோதறது 500 பேர். 'ஜேமீட்டர்' இலவசமா கிடைக்குது. திறக்கறதுக்கு முந்தின நாளே 500 பேர் மாதிரி அதை விட்டு மோதிப் பாருங்க. திணறினா, உடனே புது சர்வருக்குக் காசு கேக்காதீங்க. எந்தக் கேள்விக்கு டேட்டாபேஸ் திணறுதுன்னு பாருங்க. சில நேரம் ஒரு 'இண்டெக்ஸ்' போட்டாலே சரியாயிடும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. வேகம் எவ்வளவு கூடினாலும் பெர்த் கூடாது. 61-வது ஆளுக்கு 'இடமில்லை'ன்னுதான் சொல்லணும். அதை வட்டம் சுத்த விடாம, காசைப் பிடிச்சுட்டுத் தவிக்க விடாம, ரெண்டே செகண்டுல சொல்லுங்க. பாவம், அவர் காந்திபுரம் போய் பஸ்ஸாவது பிடிக்கட்டும்!

வரட்டுமா? அடுத்த வாரம் பார்க்கலாமுங்க!