புத்தகக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

கும்பகோணத்து மகாமகக் குளத்தைச் சுற்றி நிற்கும் 16 மண்டபங்களில் ஒன்றின் நிழலில், வெயில் தணிந்த வேளையில், நாங்கள் நால்வர் பல வருஷங்களாகக் கூடிப் பேசி வந்தோம். நால்வரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நால்வருக்குமே புத்தகப் பித்து உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வழக்கை, ‘பொன்னியின் செல்வ’னை 1954-ல் எழுதி முடித்த கல்கியே தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்டபடியால், நாங்கள் மாதம் ஒருமுறையாவது விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, இருட்டிய பின் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்து எழுந்து வருவோம். அதில் அலுப்புத் தட்டினால் குடும்ப விஷயங்கள்: பேரன் எந்தப் பள்ளியில் சேர்ந்தான், மருமகளுக்கு எந்த ஊருக்கு மாற்றலாயிற்று, மூட்டு வலிக்கு எந்த வைத்தியர் நல்லவர் என்று பேச்சு நீளும். தங்கத்தின் விலையையும் வட்டி விகிதத்தையும் கூட நாங்கள் விட்டுவைத்ததில்லை. ஆனால் அவையெல்லாம் ஊரார் பணத்தைப் பற்றிய பேச்சு. தன் பணத்தைப் பற்றி, தன் கடனைப் பற்றி, எங்களில் ஒருவராவது வாய் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நால்வரில் தமிழாசிரியராக இருந்த நண்பர் சென்ற ஆண்டு காலமானார். புத்தக விஷயத்தில் அவர் மகா கறார்ப் பேர்வழி. எந்தப் புத்தகத்தை எந்தத் தேதியில் யாருக்கு இரவல் கொடுத்தார், அது திரும்பி வந்ததா என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் முத்து முத்தான எழுத்தில் குறித்து வைத்திருந்தார். காரியங்கள் முடிந்த பிறகு அவருடைய மகன் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். பத்தே நாளில் எல்லாப் புத்தகங்களும் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. ஆறு வருஷமாக என்னிடம் தங்கிவிட்ட ஒரு புத்தகத்தை நானும் வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அதே மனிதர் தம் வாழ்நாள் சம்பாத்தியத்தை எங்கெங்கே வைத்திருந்தார் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் அந்த வீட்டில் இல்லை. பென்ஷன் வரும் பாங்குக் கணக்கு ஒன்றைத் தவிர அவருடைய மனைவிக்கு வேறெதுவும் தெரியாது. வேட்டி மடிப்பில் ஒரு வைப்பு ரசீது, பூஜை அறையில் ஒரு பழைய தபாலாபீஸ் பாஸ்புத்தகம், தவணை கட்டாமல் விட்டுப்போன ஓர் இன்ஷூரன்ஸ் பத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கிடைக்க, அம்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அந்த அம்மாள் ஒவ்வொரு கவுண்டராகப் போய் நின்று, “எங்க வீட்டுக்காரர் பேர்ல இங்க ஏதாவது இருக்குதாங்க?” என்று அந்நியர்களிடம் கேட்க வேண்டியதாயிற்று.

நண்பர் மனைவியை நம்பாதவர் அல்லர், அன்பில்லாதவரும் அல்லர். பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நம்மில் பெரும்பாலோர் சிறு வயதிலிருந்தே கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் அவரும் கற்றிருந்தார். ஆணிடம் சம்பளத்தைக் கேட்காதே, பெண்ணிடம் வயதைக் கேட்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பிறத்தியாரிடம் கேட்காமலிருப்பது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையைச் சொந்த வீட்டின் கூடத்திற்குள்ளும் கொண்டுவந்து, கணவன் மனைவியிடமும், பெற்றோர் வளர்ந்த பிள்ளைகளிடமும் கடைப்பிடிக்கத் தொடங்கியதுதான் கோளாறு.

நம்முடைய புத்தகங்களைப் புரட்டினால் இந்தச் சங்கோசம் பூர்விகச் சொத்து அல்ல என்பது தெரியும். திருக்குறளின் 133 அதிகாரங்களில் அறத்திற்கு 38, இன்பத்திற்கு 25 என்று ஒதுக்கிய வள்ளுவர் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்களைக் கொடுத்தார்; அவற்றில் அரசியலே அதிகம் என்றாலும், வரவு சிறிதானாலும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்ற குடித்தனக்காரனின் ஞானமும் அங்கேதான் இருக்கிறது. புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த சேதியும், சரக்கு வியாபாரமும், வீட்டு விசேஷமும் ஒன்றை ஒன்று விலக்காமல் பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. 1880-ல் எங்கள் ஊர்க் கல்லூரிக்கு 50 ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராக வந்த உ.வே. சாமிநாதையர், தாம் வாங்கிய சம்பளத்தை மட்டுமல்ல, இளமையில் குடும்பம் பட்ட கடனையும் அதனால் நேர்ந்த கஷ்டங்களையும் ‘என் சரித்திர’த்தில் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கும் எவருக்கும் அந்தக் கடனால் ஐயரவர்களின் பெருமை ஒரு மாற்றும் குறைந்ததாகத் தோன்றியதில்லை. மண்டபத்தில் நாங்கள் அந்த நூலைப் போற்றிப் பேசிய மாலைகள் அநேகம். நூலாசிரியரிடம் நாங்கள் வியந்த அந்தத் திறந்த மனத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை.

மௌனத்தின் விலை சிறிதன்று. பத்து வருஷம் யாரும் தொடாமல் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம், 2014-ல் ஏற்பட்ட திட்டத்தின்படி, ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. உரியவர் பிறகு வந்து கேட்டாலும் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்? பல வங்கிகளிலும் ஒருசேரத் தேடிப் பார்ப்பதற்காக ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-ல் திறந்தது, நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தபாலாபீஸ் பாஸ்புத்தகமும், சீட்டுக் கட்டிய பணமும், கைமாற்றாகக் கொடுத்ததும், அடகுக் கடையில் இருக்கும் வளையலும் அந்த வலையில் அகப்பட மாட்டா. நாமினி என்று ஒரு பெயரை எழுதிவிட்டதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோரும் உண்டு. பாங்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் உடையவரே ஒழிய, அதனாலேயே வாரிசு ஆகிவிடுவதில்லை என்பதையும், கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த பெயர் மாற்றப்படாமல் அப்படியே இருக்கக்கூடும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசினாலன்றி யார் நினைவுபடுத்துவார்?

பணப் பேச்சைத் திறந்தால் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடும், உடன்பிறந்தாருக்குள் சண்டை மூளும், கண் பட்டுவிடும் என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். மண்டபத்து நண்பர்களில் ஒருவரே இந்தக் கட்சி. வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்த பின் பழைய மரியாதையை இழந்த பெரியவர்களை அவர் விரல்விட்டு எண்ணுவார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சொத்தை எழுதிக் கொடுப்பது வேறு, அது இருக்கும் இடத்தைச் சொல்லி வைப்பது வேறு. எவ்வளவு என்பதைச் சொல்ல விருப்பமில்லாதவர் எங்கே என்பதையாவது ஒரு தாளில் எழுதி வைக்கலாம். சொத்தை மறைத்தாலும் கடனை மறைக்கலாகாது. மறைத்த சொத்து கிடைக்காமற் போனால் நஷ்டம், மறைத்த கடனோ துக்க வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

சிநேகிதர்களிடத்திலும் சொல்லத் தகுந்த பணப் பேச்சு ஒன்று உண்டு. அது நஷ்டத்தின் கதை. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, நம்பிப் பணம் போட்ட எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, அந்த அதிர்ச்சி சபைகளிலும் பத்திரிகைகளிலும் பேசப்பட்டு, நமக்கென்று ஒரு பாங்கு வேண்டும் என்ற எண்ணமாக முதிர்ந்து, மறு வருஷமே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் பாங்கு பிறந்தது. இன்று போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு எவனோ வீடியோவில் தோன்றி மிரட்ட, சேமிப்பை வழித்துக் கொடுத்துவிட்டவர் வெட்கத்தால் வாய் மூடியிருந்தால், அடுத்த அழைப்பு அடுத்த வீட்டுக்கு வரும். படித்த நல்ல புத்தகத்தைச் சிநேகிதனுக்குச் சொல்கிற நாம், ஏமாந்த கதையையும் சொல்வதுதான் சிநேக தர்மம்.

உபதேசம் செய்பவன் தன் வீட்டில் என்ன செய்தான் என்று வாசகர் கேட்கலாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு, கணக்கு நோட்டைக் கூடத்தில் வைத்துப் படிப்பது என்று வழக்கப்படுத்தினேன். முதல் தடவையிலேயே நான் அகப்பட்டுக்கொண்டேன். ‘இதரம்’ என்ற தலைப்பில் மாதாமாதம் எழுதி வந்த தொகை என்னவென்று என் மனைவி விசாரிக்க, அது அவளுக்குத் தெரியாமல் வாங்கிய புத்தகங்களின் விலை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் கோபிக்கவில்லை. எழுந்து உள்ளே போய், உளுந்து டப்பாவுக்குப் பின்னாலிருந்து தன் சிறுவாட்டுப் பணத்தைக் கொண்டுவந்து நோட்டின் மேல் வைத்து, “இதையும் எழுதிக்குங்க” என்றாள். எழுதினேன். மறைத்து வைத்திருந்த புத்தகங்களையும் எடுத்து வெளியே அடுக்கினேன். அவற்றில் ஒன்றை அவள் இப்போது மத்தியான வேளையில் படித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு இரவல் என்று நோட்டில் குறிக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு நண்பரை நினைத்துக்கொண்டு, தேதியோடு குறித்து வைத்தேன்.