இந்த விடுமுறைக்கு இரண்டு கதைப் புத்தகங்கள்



தவணை விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளுக்கு என்ன வகுப்பு, எத்தனை மணிக்கு என்று இப்போதே பேசத் தொடங்கிவிட்டோம். உம்மா வாப்பாமார் என்ன வாசிக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நான் இரண்டு புத்தகங்களைச் சொல்கிறேன். இரண்டும் நம்மைப் போன்ற மனிதர்களின் கதைகள்.

முதலாவது, பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’. அவர் கர்நாடகத்தின் ஹாசனைச் சேர்ந்த சட்டத்தரணி. 1990 முதல் 2023 வரை கன்னடத்தில் எழுதிய கதைகளில் 12ஐ தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. சிறுகதைத் தொகுப்பொன்று அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் தடவை.

ஒரு கதையில், விடுமுறையில் வீடு நிறைந்த பிள்ளைகளின் சத்தம் தாங்காத ஒரு தாய், சரி, இவன்களுக்குச் சுன்னத்து வைத்துப் படுக்கையில் போடுவோம் என்று முடிவெடுக்கிறாள். சிரிக்காமல் வாசிக்க முடியாது. பிறகு அதே சுன்னத்துக்கு ஏழைப் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்கும்போது அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். தலைப்புக் கதையில், கணவன் வேறொருத்தியை நாடிப் போனதால் கைக்குழந்தையோடு தாய்வீடு வருகிறாள் ஒருத்தி. காக்காமார் அவளுக்காக எழும்பவில்லை. குடும்ப மானத்தைச் சொல்லி, வந்த வழியே திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். அன்றிரவு நடப்பதை நான் சொல்ல மாட்டேன்.

இப்படியான கதைகள் என்றதும் நம்மில் சிலர் கேட்பார்கள்: “நம்மட குறைகளை நாமே ஊருக்குச் சொல்றதா? நம்மைப் பத்திப் பேச ஏற்கனவே ஆட்கள் காத்துக்கிட்டு இருக்காங்களே?” இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டு அலுமாரியில் இருந்த புத்தகங்களைக்கூடப் பயந்து பார்த்தவர்கள் நாம். ஆனால் பிறர் வெறுப்போடு சொல்வதும், நம்மில் ஒருவர் வேதனையோடு சொல்வதும் ஒன்றல்ல. காதி நீதிமன்ற வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருக்கும் பெண்களை நாம் கண்டதில்லையா? கதை எழுதாமல் விட்டால் அவர்களின் கஷ்டம் இல்லாமல் போகுமா? மார்க்கம் தந்த உரிமையை மனிதர்கள் மறுக்கும்போது, அதைச் சொல்கிறவர் மார்க்கத்துக்கு எதிரியாகிவிட மாட்டார்.

இரண்டாவது புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. சாய்ந்தமருது எழுத்தாளர் ஆர்.எம். நௌஷாத்தின் ‘நட்டுமை’. சுந்தர ராமசாமி நினைவாகக் காலச்சுவடு நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்றது. கிழக்கின் வயற்காரர்களின் வாழ்க்கை, அவர்கள் பேசும் பேச்சிலேயே வருகிறது. பள்ளிக்கூடத்தில் ‘கொச்சை’ என்று சிவப்பு மையால் வெட்டப்படும் சொற்கள் இங்கே அச்சில் தலைநிமிர்ந்து நிற்கின்றன. உங்கள் மூத்தம்மா இருந்தால் சில பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். அகராதியில் இல்லாத பொருளை அவர் சொல்லித் தருவார்.

சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஹார்ட் லாம்ப்’ பெண்களுக்கான புத்தகம் என்று மனைவியின் கையில் கொடுத்துவிட்டு விலகாதீர்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள். பிடிக்காவிட்டால் தாராளமாகத் திட்டுங்கள். ஒரு கதையையாவது முழுதாக வாசித்த பிறகு திட்டுங்கள்.

வாசித்தவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம்.