யாப்பும் கண்ணீரும்

இலக்கணம் மிகுந்தவிடத்து உணர்ச்சி குன்றும் என்பது நம் மாணவர் பலர் கொண்டுள்ள கருத்து. வெண்பாவின் தளையைக் கால்விலங்கு என்பாரும் நம்முள் உளர். அவர்க்கு விடையாக யான் காட்ட விழைவது பிரெஞ்சு நாட்டு ஆர்கன் இசையாகும்.

ஆர்கன் இசையில் 'பிரெலூட்' என்னும் முன்னிசையும் 'பியூக்' என்னும் தொடரிசையும் இணைந்து வருதல் மரபு. முன்னிசை தன் விருப்பிற் செல்லும். பியூகோ கடுஞ்சட்டத்துக்கு உட்பட்டது. ஒரு குரல் தனித்து ஒரு சிறு இசைப்பொருளைத் தொடங்கும். அது முடிந்ததும் இரண்டாங் குரல் அதனையே வேறு சுரநிலையில் எடுக்கும். ஏனைக் குரல்களும் அவ்வாறே வந்து சேரும். ஜெர்மானியராகிய பாஹ் (1685–1750) இதனை உச்சிக்கு உயர்த்தினார்.

பிரெஞ்சு நாட்டார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். செசார் பிராங்க் ஒரு பியூகை முன்னிசைக்கும் மாற்றிசைக்கும் நடுவே அமைத்தார். சேன்-சான்ஸ் 1894இல் மூன்றும் 1898இல் மூன்றும் இயற்றினார். மார்செல் டூப்ரே 1912இல், தமது இருபத்தாறாம் வயதில், மூன்று இயற்றினார். பாஹின் ஆர்கன் இசை முழுவதையும் 1920இல் பத்து அரங்குகளில் ஏடு நோக்காது வாசித்தவரும் அவரே.

ஆயினும் என் நெஞ்சைக் கவர்ந்தது மோரிஸ் டுரூப்லே 1942இல் இயற்றியதொன்று. அவர்தம் நண்பர் ழான் அலேன், ஆர்கன் இசைப் புலவர். 1940 ஜூன் 20ஆம் நாள் சோமூர் நகரின் அருகே ஜெர்மானியப் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். வயது இருபத்தொன்பதே.

டுரூப்லே நண்பர் பெயரையே சுரமாக்கினார். ஜெர்மானிய வழக்கில் சுரங்களின் பெயர் ஏ முதல் எச் வரையுள்ள எட்டு எழுத்துக்களாம். அவற்றின்கீழ் ஐ முதலிய எழுத்துக்களை நிரலே நிறுத்தினால் ஐ என்பது ஏ ஆகும். எல் என்பது டி ஆகும். என் என்பது எப் ஆகும். அலேன் என்னும் ஐந்தெழுத்துப் பெயர் இவ்வாறு ஏ, டி, ஏ, ஏ, எப் என்னும் இசையாயிற்று. முன்னிசையின் இறுதியில் அலேன் 1937இல் இயற்றிய 'லித்தானி' என்னும் மன்றாட்டிசை மெல்ல ஒலிக்கின்றது. பின்னர்ப் பியூக் அமைதியாகத் தொடங்கிப் படிப்படியே பெருகி, ஆர்கனின் முழுக்குரலில் முடிகின்றது.

ஈண்டுச் சட்டம் செய்தது யாது? ஒரு குரல் தொடங்கியதை ஒவ்வொரு குரலும் ஏற்றல் வேண்டும் என்பது பியூகின் விதி. ஆதலின் ஒவ்வொரு குரலும் மாண்டவன் பெயரைச் சொல்லியே உள்ளே வரவேண்டியதாயிற்று. தனித்து அழத் தொடங்கியவன் தனியே விடப்படவில்லை. கட்டற்ற புலம்பல் இதனைச் செய்திருக்குமோ? விதியே ஈண்டு இரங்கல் ஆயிற்று.

உயிரற்ற பியூக்குகளும் உள. உயிரற்ற வெண்பாக்களும் உள. அக்குற்றம் விதியினதன்று, சொல்லுதற்கு ஒன்றுமின்றிப் புகுந்தாரது. புறநானூற்றுப் புலவர் தம் புரவலரை இழந்து கலங்கிய போதும் யாப்பைத் துறந்தாரல்லர். நண்பர்களே, தளையைப் பழிக்குமுன் நம் நெஞ்சில் பொருள் உண்டோ எனத் தேர்வோமாக.