இது எந்தப் பாடம், தாத்தா?

காலையில் நீராடித் திருநீறு இட்டு, பூஜையறையில் விளக்கேற்றிய பின்னரே நாளிதழைத் தொடுவது என்பது என் தந்தையார் காலத்திலிருந்து எங்கள் இல்லத்தில் வரும் வழக்கம். இவ்விதழை வாசிக்கும் அன்பர்கள் பலரது இல்லத்திலும் அவ்வாறே இருக்கும். கண்புரை அறுவை முடிந்த பிறகும் எனக்குச் சிற்றெழுத்துகள் சரியாகப் பிடிபடுவதில்லை. ஆகவே செய்திகளை உரக்கப் படித்துச் சொல்வது பேரனின் பொறுப்பாயிற்று.

சென்ற ஆண்டு அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நாள்தோறும் ஒரு செய்தியைக் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். அச்செய்தி தான் படிக்கும் எந்தப் பாடத்தோடு தொடர்புடையது என்று எதிரே எழுத வேண்டும். ஏவுகணை என்றால் அறிவியல், வங்கி வட்டி என்றால் கணிதம், தேர்தல் என்றால் குடிமையியல். தொடக்கத்தில் அவன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாட ஓடிவிடுவான். எனக்கும் அது கத்தரிக்கோலுக்கும் பசைக்கும் ஏற்பட்ட வேலையாகவே பட்டது.

2024 கார்த்திகையில் நிலைமை மாறியது.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்ததும், மயிலம் பகுதியில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் மாலை திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வீடொன்றின் மீது மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஐவர் குழந்தைகள். ஆரணியும் அதே மாவட்டம்தான். அந்த நாள்களில் எங்கள் தெருவில் யாரும் வேறொன்றையும் பேசவில்லை. அடுத்து வந்த செய்தி, தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதியில்லை என்பது. நிலவியல் வல்லுநர்கள் மலைப்பாதையைப் பார்வையிட்ட பின் அம்முடிவு எடுக்கப்பட்டிருந்தது.

அந்தச் செய்தியை ஒட்டிப் பேரன் எதிரே "புவியியல்" என்று எழுதினான். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாமலையார் தீபத்தைக் கொண்டுபோய்ப் புவியியலிலா சேர்ப்பது?"

"பக்தி என்று பாடம் இல்லையே, பாட்டி!"

உண்மையைச் சொல்வதானால் எனக்கும் உள்ளூர வருத்தமே. இளமையில் நெய்க்குடத்தோடு அந்த 2,668 அடி உயரத்தையும் ஏறிய கால்கள் இவை. ஏற வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார் என்று ஒரு கணம் தோன்றியது. பேரனோ தன் பாடநூலைக் கொண்டுவந்து பாறைச் சிதைவு என்ற பகுதியைக் காட்டினான். வெயிலிலும் மழையிலும் பாறை காலப்போக்கில் உதிர்ந்து மண்ணாகிறது. அந்த மண், அடியிலுள்ள கெட்டிப் பாறையின்மேல் ஒரு போர்வைபோலக் கிடக்கிறது. அளவோடு பெய்யும் மழை வழிந்தோடிவிடும். ஓயாது பெய்தால் நீர் உள்ளே இறங்கி மண்ணைக் கனமாக்குகிறது. மண்துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் போர்வை பாறைகளோடு சேர்ந்து நழுவுகிறது. ஒருமுறை நழுவிய இடத்தில் மிச்ச மண்ணும் தளர்ந்தே இருக்கும். அதன்மேல் ஆயிரக்கணக்கானோர் இருட்டில் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். நானும் என் மனைவியும் விடை சொல்லவில்லை.

சற்று நேரம் கழித்து அவளே பேசினாள். அந்த மலையைச் சிவமாகவே எண்ணி, அதன்மேல் கால் வைக்கவே அஞ்சி, 14 கிலோமீட்டர் கிரிவலம் மட்டும் வந்து வணங்கிய அடியார்களும் உண்டு என்று தன் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறாளாம். அவர்களுக்கு மலையேறாமை ஒரு குறையன்று, அதுவே வழிபாடு. பேரன் உடனே எழுதுகோலை எடுத்தான். "புவியியல்" என்ற சொல்லுக்குக் கீழே, "பாட்டி சொன்னது" என்று தலைப்பிட்டு அதை எழுதிக்கொண்டான். அன்றுமுதல் அவன் குறிப்பேட்டில் மூன்றாவது பத்தி ஒன்று உண்டாயிற்று.

டிசம்பர் 13 அன்று வழக்கம்போல் மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. தொலைக்காட்சியில் அதைக் கண்டபின் நாங்கள் வாசலில் அகல் ஏற்றினோம்.

பிறகொரு நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஏழு பேர் மாண்ட செய்தியும் ஒட்டப்பட்டிருந்தது. எதிரே எந்தப் பாடமும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "எதை எழுதுவது என்று தெரியவில்லை, தாத்தா" என்றான். அவன் அதை வெறுமையாக விட்டதே சரி என்று எனக்குப் பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மைப் போன்ற முதியோர்க்கு ஓர் ஆசை உண்டு. பிள்ளைகள் எந்த அறிவியல் செய்தியைக் கொண்டுவந்தாலும், "இது நம் புராணத்திலேயே இருக்கிறது" என்று முடித்துவிடுவோம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நானும் அப்படித்தான் ஏதோ சொன்னேன். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நமக்கு அண்டையிலுள்ள விழுப்புரத்தைச் சேர்ந்தவர், ரயில்வே ஊழியரின் மகன் என்பதைப் பேரன் சொல்லித்தான் அறிந்தேன். அண்ணாமலை கிருத யுகத்தில் நெருப்பாய் இருந்தது என்கிறது தலபுராணம். அப்பாறைகள் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை என்கிறது நிலவியல். இரண்டையும் அருகருகே கேட்க மனத்துக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக நிறுத்த வேண்டியதில்லை. சாட்சி கேட்டு அருள்பவர் அல்லர் அண்ணாமலையார்.

செய்தித்தாளும் பள்ளிப்பாடமும் ஒரு சிறுவனின் உள்ளத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு நம் நாட்டில் தக்க சான்று ஒன்று உண்டு. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் "அக்னிச் சிறகுகள்" நூலில் தம் இளமையை விவரிக்கிறார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அவருக்கு எட்டு வயது. போரைப் பற்றி மைத்துனர் ஜலாலுத்தீன் கதைகதையாய்ச் சொல்ல, அவற்றைத் 'தினமணி'யின் தலைப்புச் செய்திகளில் தேடிப் பார்ப்பாராம் அந்தச் சிறுவர். போரின் காரணமாக இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நின்றபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சேகரிப்பதில் உறவினர் சம்சுத்தீனுக்குத் துணைநின்றிருக்கிறார். அதுவே அவருடைய முதல் ஊதியம்.

அந்நூலில் வேறொரு செய்தியும் உண்டு. அப்போது சந்தையில் திடீரெனப் புளியங்கொட்டைக்கு மதிப்பு வந்ததாம். அவர் பொறுக்கிக் கடையில் விற்பார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஓரணா கிடைக்கும். ஏன் அந்தத் தேவை எழுந்தது என்பது தமக்கு விளங்கவே இல்லை என்று எழுதுகிறார். இப்பகுதியைப் பேரன் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நெசவு ஊர்க்காரர்களுக்கு நூலும் கஞ்சியும் புதிதல்லவே! பாவு நூல் தறியில் அறுபடாமல் இருக்கக் கஞ்சி ஏற்றுவார்கள். போர்க்காலத்தில் மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிப் பருத்தி நூலுக்கும் சணலுக்கும் கஞ்சியாகப் பயன்படுத்தினார்கள் ஆலைகளில். கலாம் அவர்களின் ஓரணாவுக்குக் காரணம் அதுவாக இருந்திருக்கலாம். பேரன் மூன்றாம் பத்தியில் இதைப் பெருமையோடு எழுதிக்கொண்டான். எந்தப் பாடம் என்ற இடத்தில் "வரலாறு, வேதியியல், பொருளியல்" என்று மூன்றையும் எழுதியிருந்தான். மதிப்பெண் எவ்வளவு கிடைத்ததோ அறியேன்.

அதன்பின் அவன் என்னைச் சோதிக்கத் தொடங்கினான். செயற்கை நுண்ணறிவு பற்றி அன்றாடம் செய்தி வருகிறது. "இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், தாத்தா?" என்றான் குறும்பாக. நான் அவனை இரண்டு வீடு தள்ளி என் தம்பியின் தறிக்கு அழைத்துச் சென்றேன்.

குழித்தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி. அதிலிருந்து மாலைபோல் தொங்கும் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் துளைகள். துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. எழுந்த இழைகளுக்கு அடியில் ஊடை ஓடுகிறது. அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள் வரிசையாய் வந்துபோனால் சேலைக் கரையில் ஒரு மயில் நிற்கிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய அமைப்பு இது. இதே துளை அட்டைகளைக் கொண்டு கணக்குப்போடும் பொறி ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்டார். பிற்காலத்தில் கணினிகளுக்கும் நெடுங்காலம் துளையிட்ட அட்டைகளில்தான் கட்டளை கொடுத்துவந்தார்கள். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களால் மயிலை வரையலாம் என்பதை எங்கள் தெருவில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் கையால் அறிந்திருந்தார்கள்.

பேரன் பிறந்ததிலிருந்து கேட்ட ஓசை அந்தத் தறி. அன்று அரைமணி நேரம் அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். தம்பிக்கு அளவற்ற மகிழ்ச்சி. அவர் பிள்ளைகள் இருவரும் தறியை விட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள். ஒரு பையன் வந்து அட்டையைத் தொட்டு, "சின்னத் தாத்தா, இதை எப்படி அடிப்பார்கள்?" என்று கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது அவன் பத்தாம் வகுப்பு. அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் இல்லை. ஆயினும் குறிப்பேடு தொடர்கிறது, மூன்றாம் பத்தியின் பொருட்டு. எல்லாச் செய்திக்கும் எங்களிடம் ஏதேனும் கிடைக்கும் என்று அவன் நம்புவதில் எனக்குச் சற்றே அச்சமும் உண்டு.

சென்ற வாரம் புத்திர காமேட்டீசுவரர் கோயிலுக்குச் சென்றிருந்தோம். தரிசனம் முடிந்து ஆற்றங்கரையில் அமர்ந்தோம். ஜமதக்னி முனிவரின் கமண்டலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆறு. ஜவ்வாது மலையிலிருந்து படவேட்டு ரேணுகாம்பாளின் ஊர் வழியாக வருவது. ஊருக்கே ஆற்றின் அணிகலன் என்ற பொருளில்தான் ஆரணி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நான் சிறுவனாய் இருந்தபோது இதில் மூழ்கிக் குளித்திருக்கிறேன் என்றேன். பேரன் மணலையும் முட்செடிகளையும் பார்த்தான்.

"மழை பெய்தால் வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணல். இடையில் நீங்கள் குளித்த தண்ணீர் எங்கே போயிற்று, தாத்தா? இது எந்தப் பாடம்?"

மலைக்காடு, கிணறுகள், அள்ளிய மணல், சாயக் கழிவு, எங்கள் தலைமுறை பேசாமல் இருந்தது என்று ஒவ்வொன்றாக நெஞ்சில் வந்தன. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை, அவன் மூன்றாம் பத்தியில் எனக்காக இடம் விட்டு வைத்திருக்கிறான்.